பெரியப்பாவின் ஆறு தம்பிமார்

கலியாணம் செய்யப்போவதாக என் மகள் சொன்னபோது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பையன் யாரென்று கேட்டேன். சொன்னாள். குழாயைப் பூட்டினேன்.

பையனை அவன் பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறவன். அவனுடைய தாய் எனக்குத் தங்கச்சி முறை. அவளுடைய தகப்பன் என் அப்பாவின் தம்பி, அதாவது என் சித்தப்பா. அக்கா தங்கச்சியின் பிள்ளைகள் எங்கள் வழக்கத்தில் அண்ணன் தங்கச்சிதான். ஜெர்மன் சட்டத்துக்கு இப்படிப்பட்ட கலியாணத்தில் ஆட்சேபணை எதுவும் இல்லை. என் அம்மாவுக்கு இருந்தது.

"அது சகோதர முறை. ஊர் சிரிக்கும்" என்றார் அம்மா.

ஊர் என்று அவர் சொன்னது பேர்லினில் வெள்ளிக்கிழமைகளில் நொய்கெல்ன் கோயிலுக்கு வருகிற சனத்தை. யாழ்ப்பாணத்தில் எங்களைப் பார்த்துச் சிரிக்க இப்போது யாரும் மிச்சமில்லை.

மகள் அழவில்லை, சத்தம் போடவில்லை. "அம்மம்மா வராத கலியாணம் எனக்கு வேண்டாம். வேற மாப்பிளையும் வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள்தானேம்மா நாள் முழுக்க ஆக்களின்ர பேப்பர் பாக்கிறீங்கள். அவையள் உண்மையாவே சகோதரங்களோ எண்டு ஒருக்காப் பாருங்கோவன்" என்றாள்.

நான் நகரசபையின் பதிவு அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். வீடு மாறுகிறவர்கள், பிள்ளை பெற்றவர்கள், அடையாள அட்டையைத் தொலைத்தவர்கள் எல்லாரும் எனக்கு முன்னால் உள்ள கதிரையில் வந்து இருப்பார்கள். பத்திரத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இருபது வருடமாக இந்தக் கொள்கையோடு நிம்மதியாகச் சம்பளம் எடுத்துவருகிறேன். மகளுக்கு ஓம் என்று சொன்னது அந்தத் திமிரில்தான்.

எங்கள் குடும்பத்தில் ஜெர்மனிக்கு முதலில் வந்தவர் பெரியப்பா. கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, ரயில் ஏறி மேற்கில் வந்து இறங்கினார். அந்தக் காலத்தில் வந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் வந்தார்கள். பெரியப்பா வந்தபோது இங்கே தமிழ் பேச ஆளில்லை, அரிசி கிடைக்கவில்லை, மிளகாய்த்தூள் என்று நினைத்து வாங்கியது இனித்தது. இந்தக் கதையை அவர் எங்களுக்கு நிறையத் தடவை சொல்லியிருக்கிறார். சொல்லாத ஒன்றும் இருந்தது. அவருக்குப் பின்னால் அகதியாக வந்தவர்களுக்கு இங்கே ஒருவரையும் தெரியாது. சகோதரம் ஒருவர் பேர்லினில் இருக்கிறார் என்றால் வேறு ஊருக்கு அனுப்பமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை பரவியிருந்தது. பெரியப்பா மறுத்துப் பேசத் தெரியாத மனிதர். அதனால் அவருக்குத் தம்பிமார் பெருகினார்கள்.

இதை நான் சின்ன வயதில் அரைகுறையாகக் கேட்டிருக்கிறேன். பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லி, நாங்கள் அறைக்குள் வந்ததும் நிறுத்திவிடுவார்கள். பெரியப்பாவின் தம்பிமாரில் சிலர் கூடப் பிறந்தவர்கள், சிலர் இல்லை. யார் எவர் என்பது எங்களுக்குத் தெரியாது. என் அப்பா கூடப் பிறந்தவர் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. சித்தப்பா இல்லை என்று நிறுவினால் போதும், கலியாணத்தை வைத்துவிடலாம்.

அப்பாவின் பழைய அகதிக் கோப்பைப் பார்க்க அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதிக் கொடுத்தேன். நானே அரசாங்க உத்தியோகத்தர் என்பதால் விரைவாக நடக்கும் என்று நினைத்தேன். எல்லாரையும் போல மாதக்கணக்கில் காத்திருந்தேன். கடைசியில் இன்ன நாளில் வா என்று டெர்மின் கிடைத்து, ஒரு சின்ன அறையில், சுவரைப் பார்த்தபடி இருந்து வாசித்தேன்.

பெரியப்பாவுக்கு ஆறு தம்பிமார். ஆறு பேருக்கும் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருந்தது. ஆறுக்கும் மொழிபெயர்ப்பு, முத்திரை, கையெழுத்து. என் அலுவலகத்துக்குக் கொண்டுவந்திருந்தால் நான் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டிருப்பேன். பெரியப்பாவைப் பெற்ற தாய் ஒரே வருடத்தில் தை மாதம் ஒரு மகனையும் சித்திரையில் இன்னொரு மகனையும் பெற்றிருந்தார். தட்டச்சு செய்த ஜெர்மன் உத்தியோகத்தர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வெப்ப நாடு என்று நினைத்திருக்கலாம். தையில் பிறந்தவர் என் அப்பா. சித்திரையில் பிறந்தவர் சித்தப்பா.

ஒருவர் பொய் என்பது நிச்சயமாகிவிட்டது. எவர் என்று அந்தக் கோப்பில் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு சொந்தக்காரர் மூலம் விசாரித்தேன். அந்தப் பகுதியின் பழைய பதிவுகள் யுத்தத்தோடு போய்விட்டன என்று பதில் வந்தது. பெரியப்பா செத்தபோது அடித்த கல்வெட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வந்தவர்களுக்குக் கொடுப்பதற்காக அச்சடித்தது. செத்தவரின் படம், தேவாரம், பின்னால் வம்சாவளி. அதிலும் அன்புத் தம்பிமார் ஆறு பேர். அச்சகத்தில் கொடுக்கும்போது கோப்பைப் பார்த்து எழுதினார்களோ என்னவோ.

என் கணவர் இந்த ஆராய்ச்சியில் கருத்துச் சொல்லவில்லை. அவருடைய அண்ணன் தம்பிமார் எல்லாரும் உண்மையானவர்கள், அதனால் அவர்களோடு பேச்சுவார்த்தை இல்லை.

கல்வெட்டில் இருந்த பெரியப்பாவின் படத்தை எங்கே எடுத்தது என்று அறிய அம்மாவின் அல்பத்தைப் புரட்டினேன். அந்தப் படம் கிடைக்கவில்லை. கோயில் திருவிழாப் படங்கள் கிடைத்தன. ஒன்றில் அப்பா சட்டையில்லாமல், தலைப்பாகையோடு, சுவாமி காவும் தடியைத் தோளில் வைத்து நிற்கிறார். நல்ல படம். மூலையில் செம்மஞ்சள் நிறத்தில் திகதி விழுந்திருந்தது. அதைப் பார்த்தேன். கல்வெட்டைப் பார்த்தேன். திரும்பவும் படத்தைப் பார்த்தேன்.

பெரியப்பா செத்து இரண்டு கிழமைகூட ஆகியிருக்கவில்லை.

எங்கள் சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. கூடப் பிறந்தவர் செத்தால் வீட்டுக்குத் துடக்கு. முப்பத்தொன்று முடியும்வரை கோயில் வாசலே மிதிக்கமாட்டார்கள், சுவாமியைத் தொடுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. அப்பா பென்சின் அடிக்க நிற்பாட்டினாலும் விபூதி பூசிவிட்டுத்தான் காரை எடுப்பார். அவர் அண்ணன் செத்த துடக்கோடு முருகனைத் தோளில் தூக்கியிருப்பாரா?

மற்றப் படங்களையும் பார்த்தேன். எந்தத் திருவிழாவிலும் முன்தடி பிடிக்கிறவர் சித்தப்பா. அந்த வருடத்துப் படம் ஒன்றில்கூட அவர் இல்லை.

கூடப் பிறந்தவர் சித்தப்பா. சேர்த்துக்கொள்ளப்பட்டவர் என் அப்பா. மகளுடைய கலியாணத்துக்கு வழி பிறந்துவிட்டது, அதற்கு நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். படத்தைக் கவிழ்த்து வைத்தேன். என்னைத் தோளில் வைத்து ரயிலில் கூட்டிக்கொண்டு திரிந்த பெரியப்பா எனக்கு யாருமில்லை என்று ஆகிவிட்டது. அதுவும் நானே அன்ட்ராக் போட்டுத் தேடி எடுத்தது.

படத்தை அம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றினார்.

"அப்ப உனக்குத் தெரிஞ்சிட்டுது."

"தெரிஞ்சுகொண்டே அம்மா சகோதர முறை எண்டு நிண்டனீங்கள்?"

"மெல்லக் கதை" என்றார். வீட்டில் எங்கள் இரண்டு பேரையும் தவிர யாருமில்லை. "சகோதரமில்லை எண்டு வெளியில கதைச்சால் வெள்ளைக்காரன்ர காதில விழும். பாஸ்போட்டைப் பறிச்சுக்கொண்டு விடுவாங்கள். உனக்கு உத்தியோகமும் போகும்."

நாற்பது வருடம் இந்தப் பயத்தோடுதான் அவர் புட்டு அவித்திருக்கிறார். இனி ஒருவரும் எதுவும் செய்ய ஏலாது, சம்பந்தப்பட்ட ஆட்களே செத்துவிட்டார்கள் என்று விளக்கினேன். என் உத்தியோகக் குரலில் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஜெர்மன் அரசாங்கத்தின் ஞாபகசக்தியில் அவருக்கு என்னைவிட மதிப்பு அதிகம்.

அன்றுதான் என் சொந்த அப்பப்பாவின் பெயரை முதன்முதலில் கேட்டேன். ஊரில் தகப்பன் பெயர்தான் பிள்ளைக்கு முன்னால் வரும். இங்கே வந்தபோது அப்பா பெரியப்பாவின் தகப்பன் பெயரைச் சொல்லியிருக்கிறார், அதுவே எங்கள் குடும்பப் பெயராகிவிட்டது. எங்கள் வாசல் மணியிலும் என் அலுவலகக் கதவிலும் அதுதான் ஒட்டியிருக்கிறது. அப்பப்பாவின் பெயர் நல்ல பெயர். எந்தப் பத்திரத்திலும் இல்லை.

"அப்பா திருவிழாவுக்குப் போனது ஏனம்மா? ஆரும் பாத்தால் பிடிபட்டிருப்பார்தானே."

"அவர் வெள்ளைக்காரனுக்குச் சொன்னதைச் சாமிக்குச் சொல்லமாட்டன் எண்டு போனவர். போயிட்டு வந்து சாப்பிடேல்லை. சுவரைப் பாத்துக்கொண்டு படுத்திருந்தவர்" என்றார் அம்மா. பிறகு தனக்கு இன்னொரு துருப்பு இருப்பது ஞாபகம் வந்தவராக நிமிர்ந்தார். "அப்ப சித்தப்பா? உன்ரை அப்பா செத்த மாசம் அவர் கோயிலுக்கு வந்தவரோ? அவர் வழமையாச் செய்விக்கிற பூசையை வேற ஆக்கள் செய்தது கோயில் சனம் எல்லாம் கண்டது. துடக்குக் காத்த ஆளைச் சகோதரமில்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

உண்மைதான். மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பா செத்தபோது சித்தப்பா ஒரு மாதம் கோயில் பக்கம் வரவில்லை. அப்போது அது எனக்குச் சாதாரணமாகப் பட்டது. தம்பிதானே என்று நினைத்தேன்.

சித்தப்பா நொய்கெல்னில் மூன்றாம் மாடியில் இருக்கிறார், லிப்ட் இல்லாத கட்டடம். அவருடைய மகள், என் தங்கச்சி, "அப்பா ஓம் எண்டால் எனக்கும் ஓம்" என்று சொல்லியிருந்தாள். கேட்கப் பயந்து என்னை அனுப்பினாள்.

நான் படத்தைக் கொடுத்தேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முன்தடி சரிஞ்சு கிடக்கு. நான் இல்லாத குறை" என்றார்.

"சித்தப்பா, அப்பா உங்கட சகோதரமோ?"

"ஓம்."

"கூடப் பிறந்ததோ?"

"அதில்லை."

தேநீர் ஊற்றி வந்தார். எனக்குச் சீனி போடக்கூடாது என்பதை மறக்கவில்லை. அப்பாவுக்கு ஏன் துடக்குக் காத்தீர்கள் என்று கேட்டேன்.

"வந்த புதிசில எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரு கட்டில்தான் பிள்ளை. உன்ரை அப்பாவுக்குப் பகல் வேலை, எனக்கு ரெஸ்டோரண்டில இரவு வேலை. நான் விடிய வரேக்கை அவர் எழும்பிப் போவார். அந்தச் சூட்டில நான் படுப்பன். எத்தினையோ வருசம் அப்பிடி." கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். "துடக்கு எண்டு நினைச்சுக் காக்கேல்லை. ஆள் போனாப் பிறகு கோயிலுக்குப் போக மனம் வரேல்லை. மாசம் முடிய வந்துது."

இதற்குமேல் நான் எதைக் கேட்பது? கலியாணப் பேச்சை எடுக்காமலே எழும்ப நினைத்தேன். அவரே எடுத்தார்.

"கோயில்ல ஆரும் கேட்டால், அந்த மாசம் எனக்கு முழங்கால் ஏலாது எண்டு சொல்லுறன்."

"நீங்கள் அப்பிடிச் சொல்லத் தேவையில்லை, சித்தப்பா."

"சொல்லத்தான் வேணும். ஒண்டில் நான் உன்ரை அப்பாவுக்குத் தம்பி, இல்லாட்டி உன்ரை மகளுக்கு மாப்பிளையின்ர தாத்தா. ரெண்டும் ஏலாதெல்லோ. அவர் போயிட்டார். பிள்ளையள் இருக்குதுகள்."

படியிறங்கும்போது அழுதேன். இரண்டாம் மாடிக்காரி வாசலில் நின்று பார்த்தாள். நான் வணக்கம் சொன்னேன், அவளும் சொன்னாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில், பூசை முடிந்து பிரசாதத்துக்கு நிற்கும்போது, எல்லாம் விசாரிக்கிற அக்கா ஒருவர் வந்து சேர்ந்தார். செய்தி அவருக்கு முதலே போயிருந்தது.

"அண்ணை, அது சகோதர முறையெல்லோ? நீங்கள் இவவின்ர அப்பாவுக்குத் துடக்கும் காத்தனீங்கள்."

"ஆர் சொன்னது?" என்றார் சித்தப்பா. "எனக்கு அந்த மாசம் முழங்கால் ஏலாது. படி இறங்கேல்லை. அவரும் நானும் ஒரு ஊர்க்காரர், அவ்வளவுதான்."

அக்கா நம்பாமல் என் அம்மாவைப் பார்த்தார். அம்மா சுற்றிவரப் பார்த்தார். ஜெர்மன்காரர் யாரும் நிற்கவில்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டார்.

"ஓம் பிள்ளை, முழங்கால்தான். நான்தான் எண்ணெய் காய்ச்சிக் குடுத்துவிட்டனான்" என்றார்.

என் மகள் என் கையைப் பிடித்தாள். அக்கா பிரசாதத்தை வாங்கிக்கொண்டு வேறு பக்கம் போனார். சித்தப்பா முருகனுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். வழமையைவிடக் கூடுதல் நேரம் கிடந்தார். பிறகு கையை ஊன்றாமலே எழும்பி, இரண்டடி வைத்தபின் ஞாபகம் வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

வெளியில் சப்பாத்துப் போடும்போது என் பக்கம் குனிந்தார்.

"இனி என்னைச் சித்தப்பா எண்டு கூப்பிடாதை பிள்ளை. சனம் கேட்டுக்கொண்டிருக்கு."

"ஓம் சித்தப்பா" என்றேன்.