மையவாடி வாசலில் நின்ற பைக்

இரண்டு வருடங்களுக்கு முன், மேட்டூர் தண்ணீர் வந்து ஆறு கரைதொட்டு ஓடிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூத்தாநல்லூரில் எங்கள் வீட்டில் நானும் என் அண்ணனும் டி.வி.யில் படம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அண்ணி மவுத்தாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. எங்களில் கணவனை இழந்த பெண்ணுக்கு இத்தா உண்டு. மாதக்கணக்கில் வீட்டோடு இருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து பேச யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். ஆண்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. மூன்றாம் நாள் ஓதி முடித்த கையோடு, "எப்ப துபாய்க்குத் திரும்புறீங்க?" என்று அண்ணனைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோ போகவும் இல்லை, அழவும் இல்லை. சாப்பிட்டாச்சு, தூங்கினேன், அவ்வளவுதான் பேச்சு. சாயங்காலம் தொழப் போனால் இருட்டித்தான் வருவார்.

படத்தை நான்தான் போட்டேன். சண்டை, பாட்டு இல்லாத அமைதியான படம் என்று நினைத்துப் போட்டால், மனைவியையும் காதலியையும் பறிகொடுத்த சில ஆண்களின் கதை! மாற்றிவிடலாமா என்று பார்த்தேன். அண்ணன் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ரிமோட்டைத் தொட மனசு வரவில்லை. படத்தில் ஒருவன் ஆற்றுப் படிகளில் இறங்கினான். அப்புறம் வெறும் தண்ணீரை மட்டும் காட்டினார்கள். அண்ணன் எழுந்து வெளியே போனார். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. அவருடைய செல்போன் சோபாவிலேயே கிடந்தது.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே பாலத்துக்குப் போனேன். தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. மிதந்து வந்த ஒவ்வொரு ஆகாயத்தாமரைக் கொத்தும் எனக்குத் தலையாகத் தெரிந்தது. பாலத்து டீக்கடைக்காரரிடம் கேட்டால், "மையவாடிப் பக்கம் போனாரேம்மா" என்றார்.

அண்ணியை அடக்கியிருப்பது அங்கேதான். வாசலில் பைக் நின்றது. எங்கள் ஊரில் பெண்கள் உள்ளே போவது வழக்கமில்லை. சுவரோ உயரம், எதுவும் தெரியவில்லை. உள்ளே ஒரு பாழுங்கிணறு உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து அதுதான் ஞாபகத்துக்கு வர வேண்டுமா? வழக்கமாவது ஒன்றாவது என்று கேட்டைத் தள்ளப் போனேன்.

அப்போது அண்ணன் வயதுள்ள ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஏது என்று விசாரித்தார். சொன்னேன்.

"அழுவாதீங்கம்மா, உங்கண்ணன் உள்ளதான் இருப்பாரு. பொண்டாட்டிய பறிகொடுத்த நாங்க நாலஞ்சு பேரு, சாயங்காலம் அஸர் தொழுதுட்டு தெனமும் இங்கதான் உக்காந்திருப்போம். இன்னைக்கு என்னமோ முன்னாடியே வந்துட்டாரு."

"உக்காந்து என்ன பேசுவீங்க?"

"பேசுறதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. செடிக்குத் தண்ணி ஊத்துவோம்."

அவர் உள்ளே போன சற்று நேரத்தில் அண்ணன் வந்தார். கையெல்லாம் மண். "படம் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "பயந்துட்டேண்ணே" என்றேன்.

கையிலிருந்த மண்ணைத் தட்டினார். "எனக்கும் என்னைய நெனச்சு பயமாத்தான் இருந்துச்சு. அதான் இங்க ஓடியாந்துட்டேன்" என்றார்.

அண்ணன் இன்னும் தினமும் அங்கே போகிறார். திரும்பி வரத் தாமதமானால் எனக்கு இன்றைக்கும் பயம் வரும். இப்போதெல்லாம் அதை மூடி மறைக்காமல், "பயமா இருக்குண்ணே, வந்துடுங்க" என்று போனில் சொல்லிவிடுகிறேன், அவரும் ஒரு நாள்கூட அதற்குச் சிரித்ததில்லை.