கண்டிக்குக் கொண்டுபோன நெடுந்தீவுக் குதிரை

என் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. பன்வில பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கங்காணியோ துரையோ, மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் எனக்கு மறுவேலை. அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு வாக்கியம் நான்கு மாதமாக வாயில் வரவில்லை. கண்டியில் போட்டி நடத்துகிறவர்களுக்குத் தொலைபேசி எடுத்து, "எங்க மக தவறிட்டா, அவ பேரை வெட்டிடுங்க" என்று சொல்ல வேண்டும். மூன்று தடவை எடுத்தேன். மூன்று தடவையும் அந்தப் பக்கம் ஹலோ என்றதும் வைத்துவிட்டேன்.

அவள் எங்களுக்கு ஒரே பிள்ளை. எட்டாம் ஆண்டு படித்தாள். குதிரை என்றால் பைத்தியம். நிஜக் குதிரையைப் பார்த்ததோ நுவரெலியாவுக்குச் சுற்றுலா போன ஒரே ஒரு நாள்தான். என் வீட்டுக்காரர் அக்குறணையில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வேலை செய்கிறார். பெட்டியில் காது உடைந்து வந்த ஒரு பிளாஸ்டிக் குதிரையை விற்க முடியாதென்று முதலாளி கொடுத்துவிட்டார். ஒரு சாண் உயரம், அசல் குதிரை மாதிரியே வார்ப்பு. அதிலிருந்து பிடித்தது அவளுக்கு. வெளிநாடுகளில் இந்த மாதிரிக் குதிரைகளை மேசையில் வரிசையாக வைத்து, உயிருள்ள குதிரைக்குப் பார்ப்பது போல கால் நிலை, ரோமத்தின் நிறம், குளம்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பரிசு கொடுப்பார்களாம். தொலைபேசியில் பார்த்துப் பார்த்து வந்து எனக்குச் சொல்வாள். கண்டியில் சின்னக் கார், விமானம் எல்லாம் போட்டிக்கு வைக்கும் ஒரு சங்கம் மாணவர்களுக்குக் குதிரை மேசையும் போடுகிறது என்று கண்டுபிடித்ததும் அவள்தான்.

மற்றவர்கள் பளபளவென்று அரபுக் குதிரை வைப்பார்கள், நான் யாழ்ப்பாணப் பக்கம் நெடுந்தீவில் கேட்பாரில்லாமல் திரிகிற குதிரையைச் செய்யப் போகிறேன் என்றாள். புதிய காது வைத்தாள். பிளேடால் வயிற்றைச் சுரண்டி ஒடுக்கினாள். விலா எலும்பு தெரிய, புழுதி படிந்த தவிட்டு நிறத்தில் தீட்டினாள். "என்னடி இது, குதிரைக்குச் சோறு போடாம வளத்திருக்க?" என்று கேலி பண்ணினேன். தண்ணீர் இல்லாத தீவில் வேறு எப்படி இருக்கும் என்று திருப்பிக் கேட்டாள்.

போட்டிக்குப் படிவம் அனுப்பி ஒரு வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வாயில் பாதி கூட அவளுக்கு இல்லை. வயிறு வலிக்கிறது என்றுகூட நான் கேட்டுத்தான் சொன்னாள். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. விட்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டு நான் வேலைக்குப் போனேன். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் மற்றவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. டெங்கு, காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆளைப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்துவிட்டது. இதை யார் மீதும் போட முடியாது, என் மீதுதான்.

என் வீட்டுக்காரர் அழவில்லை. முப்பத்தோராம் நாள் காரியத்தைச் செய்துவிட்டு மறுநாள் கடைக்குப் போனார். வெளியாட்கள் யாராவது மகளை விசாரித்தால், "படிக்கிறா" என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று எனக்குத் தெரியும். ஆனால் என்ன செய்ய? போட்டிக்கு இலக்கம் பதினாலு என்று குறுஞ்செய்தி வந்த அன்று, வேண்டாம், விடுங்கள் என்றேன். அவர் என்னை ஏதோ அந்நியரைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அவ பேர் குடுத்திருக்கா. நாம போகாட்டி அவளுக்குத்தானே அசிங்கம்?" என்றார். அதற்கு மேல் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. போட்டிக்காரர்களே பெயரை எடுத்துவிட்டால் அவர் அடங்கிவிடுவார் என்றுதான் அந்தத் தொலைபேசி முயற்சியெல்லாம்.

போட்டியன்று காலை பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கொண்டக்டர் குதிரைப் பெட்டியை வாங்கி சாரதிக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடியின் மேல் வைத்தார். சாமான் வைக்கிற இடம் அதுதானே என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஒன்றேகால் மணித்தியாலம் அந்தச் சூட்டில் குதிரை வந்தது. பிளாஸ்டிக் கால் சூட்டில் வளையும் என்று அவள் எப்போதோ சொன்னது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

மண்டபத்து வாசலில் பதிவு மேசை. ஒரு சிங்களப் பெண்மணி மாணவர் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். பிள்ளை எங்கே என்று கேட்டார். மாமாவோடு அடுத்த பஸ்ஸில் வருகிறாள் என்று இவர் கூசாமல் சிங்களத்தில் சொன்னார். நான் மறுத்திருக்க வேண்டும். அந்த அம்மா அவள் பெயர் அச்சடித்த அட்டையை நீட்டினார். நாலு மாதமாக மரணச் சான்றிதழிலும் கல்லறையிலும் மட்டுமே பார்த்த பெயர். இங்கே அது போட்டியாளர் என்ற சொல்லுக்குக் கீழே இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கம் கெட்ட சந்தோஷம். வாயை மூடிக்கொண்டேன்.

பிள்ளைகள்தான் தங்கள் குதிரையை வைக்க வேண்டுமாம். இவர் கெஞ்சியதால் அவரையே வைக்க விட்டார்கள். ஒருமுறை வைத்த பிறகு அடுத்தவர் குதிரையை யாரும் தொடக்கூடாது, விழுந்தாலும் சொந்தக்காரர்தான் வந்து நிமிர்த்த வேண்டும் என்று அந்த அம்மா எல்லோருக்கும் விளக்கினார். வர்ணம் உரிந்து சண்டை வந்திருக்கிறதாம். இவர் கைக்குட்டையால் பிடித்து நாலைந்து தடவை வைத்தும் குதிரை ஒரு பக்கம் சரிந்தது. கடைசியில் எப்படியோ நின்றது. பெற்றோரெல்லாம் பின்னால் கதிரைகளில் உட்கார்ந்தோம்.

நடுவர்கள் வந்ததும் யாரோ மின்விசிறியைப் போட்டார்கள். டக்கென்று ஒரு சத்தம். எங்கள் குதிரை பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. அதைச் சுற்றி எட்டுப் பத்துப் பேர் நின்றார்கள். ஒருவர் கை நீட்டவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர்கள் மேலெல்லாம் பாயலாம் போல இருந்தது. அவர்கள் சட்டப்படி மரியாதையாகத்தான் நின்றார்கள்.

அந்த அம்மா ஒலிவாங்கியை எடுத்து அவள் பெயரைக் கூப்பிட்டார். பதினாலாம் இலக்கம், வந்து குதிரையை நிமிர்த்தவும் என்றார். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை உரக்கச் சொல்லி நாலு மாதம். இரண்டாம் முறையும் கூப்பிட்டார். மூன்றாம் முறைக்கும் வராவிட்டால் குதிரையைப் போட்டியிலிருந்து எடுத்துவிடுவோம் என்றார்.

இவர் திரும்பி வாசலைப் பார்த்தார். நடிப்பில்லை. முகம் மலர்ந்து, இதோ வருவாள் என்று பார்த்தார். என் கழுத்தும் அந்தப் பக்கம் திரும்பியது. ஒரு நொடி நானும் காத்திருந்தேன். அப்போதுதான் பயந்தேன். இவரை இப்படியே விட்டால் இனி எனக்குத் திருப்பிக் கிடைக்க மாட்டார் என்று பயந்தேன்.

மூன்றாம் முறை பெயரைக் கூப்பிடும்போது நான் மேசைக்குப் பக்கத்தில் இருந்தேன். நீங்களா சொந்தக்காரர் என்று அந்த அம்மா கேட்டார். நான் அவளுடைய அம்மா, சொந்தக்காரி டெங்கு வந்து செத்துப் போய்விட்டாள் என்று சிங்களத்தில் சொன்னேன். தமிழில் என்றால் வந்திருக்காது. மண்டபம் அமைதியாக இருந்ததால் கடைசிக் கதிரை வரைக்கும் கேட்டது.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சட்டத்தை விடுங்கள், நீங்களே நிமிர்த்துங்கள் என்றார். நிமிர்த்திப் பார்த்தேன். வளைந்த கால் நிற்கவில்லை. ஒரு நடுவர் சிறப்புப் பரிசாக ஒரு ரிப்பன் தருகிறோம் என்றார். மகள் செத்ததற்கா தருகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். நல்ல மனுஷன், பாவம், தலையைக் குனிந்துகொண்டார்.

பஸ் நிலையம் வரை இவர் எனக்கு முன்னால் நடந்தார். பெட்டியை நான்தான் தூக்கி வந்தேன். ஆசனத்தில் உட்கார்ந்த பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"காலையிலருந்து அவ இருந்தா. நீ சொன்னதும் போயிட்டா."

"பெத்தவ நான் சொல்லாட்டி வேற யாருங்க சொல்லுவா?"

வத்தேகம தாண்டும்போது அவர் முன் ஆசனத்துக் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார். நான் அவர் முதுகில் கை வைத்தேன், தட்டிவிட்டார்.

இப்போது யாராவது மகளை விசாரித்தால் அவர் பொய் சொல்வதில்லை. உண்மையும் சொல்வதில்லை. திரும்பி என்னைப் பார்க்கிறார், நீதானே சொன்னாய், சொல் என்பது போல. ஒவ்வொரு முறையும் அவர் முன்னால் நான்தான் சொல்கிறேன்.