படலை விளக்கு

பாடசாலை மண்டபத்தில் நடந்த கண்டுபிடிப்பாளர் சந்தைக்கு நான் செய்த படலை விளக்கைக் கொண்டுபோயிருந்தேன். வாசல் படலையை யாராவது திறந்தால், உள்ளே சமைத்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியும்படி குசினியில் ஒரு சிறிய பல்பு எரியும். செய்துகாட்டுவதற்கு மேசையில் சின்னப் படலை ஒன்றைப் பொருத்தியிருந்தேன். பக்கத்து மேசையில் வாழைநார் உரிக்கும் இயந்திரத்தைச் சுற்றி ஒரே கூட்டம். மதியம்வரை என்னிடம் ஒருவரும் நிற்கவில்லை.

பிறகு மீன்பையோடு ஒரு பெண் நின்றார்.

“வீட்டிலை பொருத்திப் பாத்தனீங்களோ, அண்ணை?”

“ஓம். படலையைத் திறந்து விட்டிட்டு, குசினிக்கு ஓடிப்போய்ப் பாப்பன்.”

“நீங்களே திறந்து நீங்களே ஓடுறதோ? நீங்கள் ஓட்டப்போட்டிக்கெல்லோ போயிருக்கோணும்!” என்று சிரித்தார். “வேறை ஒருதரும் வாறேல்லையோ?”

நான் வயரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். அவர் ஒரு விரலால் படலையைத் தள்ளினார். பல்பு எரிந்தது. இன்னொருவர் திறந்து அது எரிவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

“இன்னொருக்கால் திறவுங்கோ, தங்கச்சி” என்றேன்.