இரண்டாம் முறை கேட்காத வீடு

அண்ணன் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு பாத்திர ஸ்டாண்டு உண்டு. அதன் கீழ்வரிசையில் எவர்சில்வர் தட்டுகள் சாய்ந்து நிற்கும். யார் வந்தாலும் அண்ணனே போய் ஒரு தட்டை உருவி எடுத்துக்கொண்டு வந்து, "சாப்பிடுறீகளா?" என்று கேட்பார். "ஆமா" என்றால் தட்டு தரையில் இறங்கும், சோறு வரும். "வேண்டாம்" என்றால் ஒரு தலையசைப்போடு திரும்பிப் போய்த் தட்டை இருந்த இடத்திலேயே செருகிவிடுவார். கம்பியில் தட்டு உரசி உட்காரும் அந்தச் சத்தத்தைக் கேட்டு முகம் மாறிய விருந்தாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் முதலில் சொல்லும் "வேண்டாம்" ஒரு பதிலே அல்ல. அது வணக்கம் சொல்வது மாதிரி. கேட்டவர் மறுபடி கேட்க வேண்டும், கையைப் பிடித்து இழுக்க வேண்டும், "நம்ம வீட்டுல கை நனைக்க மாட்டீகளோ" என்று கொஞ்சம் கோபித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் வந்தவர், "சரி, பேருக்குக் கொஞ்சம்" என்று உட்காருவார். கம்பத்திலிருந்து கூடலூர் வரைக்கும் எந்த வீட்டில் நுழைந்தாலும் இதுதான் முறை. அண்ணன் வீட்டில் மட்டும் கேள்வி ஒரு தடவைதான்.

எனக்குக் கல்யாணமான புதிதில் என் கணவர் ஒரு நாள் தனியாக அங்கே போயிருந்தார். அன்று வெள்ளாட்டுக் கறி. அண்ணன் தட்டும் கையுமாக வந்து, "மாப்ள, சாப்பிடுறீகளா?" என்றிருக்கிறார். புது மாப்பிள்ளைக்கே உரிய மிடுக்கோடு இவர், "இல்ல மச்சான், இப்பத்தான் சாப்பிட்டு வந்தேன்" என்றிருக்கிறார். தட்டு உள்ளே போய்விட்டது. அண்ணன் எதிரில் உட்கார்ந்து திராட்சை விலையைப் பற்றியும் கால்வாயில் தண்ணீர் திறப்பதைப் பற்றியும் வெகு பிரியமாகப் பேசிக்கொண்டிருந்தாராம். இவர் கம்பம் பஸ் ஸ்டாண்டில் புரோட்டா தின்றுவிட்டு வீடு வந்து சேர்ந்தார்.

"என்ன மனுசன்டி உங்கண்ணன்? கறி வாசத்தைக் காட்டியே அனுப்பி வச்சுட்டாரு."

"நீங்கதான வேணாம்னீக?"

"வேணாம்னா வேணாம்னு அர்த்தமா?"

அடுத்த முறை போனபோது படியேறும்போதே, "மச்சான், தட்டை எடுங்க" என்று குரல் கொடுத்தார். அண்ணன் தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒரே தடவை கேட்பதை அண்ணன் விளையாட்டுக்குச் செய்யவில்லை. எங்கள் அப்பா மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் வேறொன்றைச் சொல்கிறவர். "எனக்குச் சோறு வேணாம்" என்பார். போடாவிட்டால், "கேக்க நாதியில்ல" என்று எழுந்து போய்விடுவார். போட்டால், "வேணாம்னு சொன்னது காதுல விழலையா" என்பார். அம்மா தினமும் கரண்டியைக் கையில் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அண்ணன் இதைப் பார்த்து வளர்ந்தவர். இருபது வயதுக்குள்ளேயே தனக்கென்று ஒரு விதியை வைத்துக்கொண்டார். நினைப்பதைச் சொல்ல வேண்டும். அடுத்தவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். "உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னா, கூட இருக்கவுக நாள் பூரா குறி பாத்துக்கிட்டே திரியணுமா?" என்று ஒரு முறை என்னிடம் கேட்டார். திராட்சை வாங்க வரும் வியாபாரிகளிடமும் அப்படித்தான். முதலில் சொன்ன விலைதான் கடைசி விலை. ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்கள் பிற்பாடு பேரம் பேசுவதையே விட்டுவிட்டார்கள்.

நான் அதற்கு நேர்மாறு. தேனியில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகளிடம் முதல் தடவை கேட்டால் உண்மை வராது என்பது என் தொழில் கற்றுக்கொடுத்தது. வீட்டிலும் அதே பழக்கம். எனக்கு ஒரே மகன். அவன் இருமினால் என்ன என்று கேட்பேன், இருமாவிட்டால் ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று கேட்பேன். அண்ணன் கேலி செய்வார்: "தாயி, நீ கேக்குற கேள்விக்கு எவனும் பதில் யோசிக்க மாட்டான். இவ எப்ப நிறுத்துவான்னுதான் யோசிப்பான்."

மகன் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு விடுமுறையில் அங்கே போயிருந்தோம். யாரோ தோட்டத்துப் படலைத் திறந்து போட்டுவிட, ஆடுகள் புகுந்து இளங்கொடிகளைக் கடித்துவிட்டன. எனக்கு இவன் மேல்தான் சந்தேகம். நிறுத்தி வைத்து விசாரித்தேன். இல்லை, இல்லை என்றே சாதித்தான். நான் விடுவதாயில்லை. அண்ணன் வந்து, "ஏலே மருமகனே, நீ தொறந்தியா?" என்றார். "இல்ல மாமா." அண்ணன் என் பக்கம் திரும்பி, "அவன் இல்லங்கிறான். அப்புறம் என்ன தாயி?" என்று சொல்லிவிட்டு ஆட்டை விரட்டப் போய்விட்டார். அன்று பொழுது சாய்வதற்குள் இவன் தானாகவே மோட்டார் ரூமுக்குப் போய், "மாமா, நான்தான்" என்று சொல்லிவிட்டான். "சரி, நாளைக்கு வா, படலை இறுக்கிக் கட்டுவோம்" என்றாராம் அவர். வேறெதுவும் சொல்லவில்லையாம். பல வருஷம் கழித்து மகன் இதை என்னிடம் சொன்னபோது, "அவுக நம்பிட்டாகம்மா. அதுக்கப்புறம் பொய் உள்ள நிக்க மாட்டேங்குது" என்றான். அவர்கள் இருவருக்கும் நடுவில் அன்று உண்டான ஒன்று கடைசி வரை அப்படியே இருந்தது.

போன வருஷம் ஆவணியில் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். வீட்டு வாசலிலேயே பந்தல். மாப்பிள்ளை வீட்டார் தேனியிலிருந்து வேன்களில் வந்துகொண்டிருந்தார்கள். காலையிலிருந்து சாரலும் காற்றும். எனக்கே சால்வை வேண்டியிருந்தது. பந்தல் வாசலில் நின்றிருந்த அண்ணனின் சட்டை மட்டும் வேர்வையில் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. முகம் வெளிறியிருந்தது. இடது தோளை வலது கையால் அமுக்கிக்கொண்டே இருந்தார்.

"என்னண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல தாயி. பந்தக்கால் தூக்குனது. நீ போய்த் தாம்பாளத்தைப் பாரு."

நான் போய்த் தாம்பாளத்தைப் பார்த்தேன். வேறு யாராவது அந்த முகத்தோடு அந்தப் பதிலைச் சொல்லியிருந்தால் கையைப் பிடித்து உட்கார வைத்திருப்பேன், மோர் கொடுத்திருப்பேன், டாக்டருக்கு ஆள் அனுப்பியிருப்பேன். ஊரில் எல்லோரிடமும் கேட்டுக் கேட்டே பேர் கெட்டுப்போனவள் நான். ஆனால் பதில் சொன்னது அண்ணன். ஒண்ணுமில்லை என்று அவர் சொன்னால் ஒன்றும் இல்லை. மதினியும் கேட்டிருக்கிறார், அவரிடமும் அதே பதில். சமையல்காரர் கேட்டிருக்கிறார். ஆளுக்கு ஒரு தடவை கேட்டுவிட்டு அவரவர் வேலைக்குப் போயிருக்கிறோம்.

வெற்றிலைத் தட்டு மாற்றி, மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டு எழுந்து, கடைசி வேன் சாலை திரும்பும் வரைக்கும் அண்ணன் நின்றுகொண்டே இருந்தார். கும்பிட்ட கையை இறக்கியவர், திராட்சைப் பந்தலுக்கடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எழவில்லை. காரில் ஏற்றி ஓடினோம். உத்தமபாளையம் தாண்டும்போதே மதினியின் மடியில் தலை கனத்துவிட்டது. தேனியில் டாக்டர் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "காலையிலிருந்தே வலி இருந்திருக்குமே. யார்கிட்டயும் சொல்லலையா?"

அந்தக் கேள்வியோடுதான் நான் இன்றும் எழுந்திருக்கிறேன், சமைக்கிறேன், வகுப்புக்குப் போகிறேன். ஆயுள் முழுவதும் மனதில் இருப்பதையே சொன்ன மனிதர் அன்று மட்டும் எங்கள் எல்லோரிடமும் பொய் சொன்னாரா? மகளின் நல்ல காரியம் நின்றுவிடக் கூடாது என்று நினைத்திருப்பார். அது புரிகிறது. ஆனால் அவர் சொல்லை அத்தனை வருஷம் நாங்கள் நம்பிய நம்பிக்கையே அன்று அவரைக் காப்பாற்ற முடியாமல் செய்துவிட்டது. சாதாரண மனிதராக, மூன்று தடவை கேட்டால்தான் உண்மை பேசுகிறவராக இருந்திருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பார். காரியத்துக்கு வந்த பெண்களில் ஒருத்தி, "வலியை மறைச்சுட்டாகளே" என்று ஆரம்பித்தபோது, மதினி அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "மறைக்கல. அவுக எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டாக. ஒண்ணுமில்லன்னு நெனச்சாக, ஒண்ணுமில்லன்னாக. அம்புட்டுத்தான்" என்றார். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மதினிக்குப் பிடித்துக்கொள்ள அந்த ஒரு கிளைதான் இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.

மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். நிச்சயதார்த்தத்துக்கு லீவில் வந்திருந்தவன், காரியம் முடிந்து திரும்பிப் போயிருந்தான். முன்பு ஒரு நாளைக்கு ஒரு தடவை பேசிக்கொண்டிருந்தவள் இப்போது காலை, மதியம், மாலை என்று கூப்பிட ஆரம்பித்தேன். சாப்பிட்டியா, நெஜமா சாப்பிட்டியா, குரல் ஏன் இப்படி இருக்கு, நெஞ்சுல ஏதாவது செய்யுதா. இருபத்தைந்து வயதுப் பையனிடம் நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்கும் தாய் நான். ஒரு நாள் அவன் பொறுமையிழந்தான்.

"அம்மா, மாமா மாதிரி ஒரு தடவை கேளும்மா. ஒழுங்காச் சொல்றேன்."

"மாமா சொன்ன லட்சணத்தைத்தான் பாத்தோமே" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. "வைக்கிறேன்மா" என்றான். அதன் பிறகு நான் எது கேட்டாலும் "நல்லாருக்கேன்" என்ற ஒரே வார்த்தைதான் வந்தது.

இந்த வருஷம் ஆவணியில் முதல் திதிக்கு வந்திருந்தான். இளைத்திருந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. படையல் முடிந்து உறவுக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகும் அவன் இலைக்கு வரவில்லை. தேடிப் போனேன். திராட்சைப் பந்தலுக்கடியில், அந்த நாற்காலி கிடந்த இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வரும் வழியெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகக் கேள்விகள் நாக்கில் வந்து நின்றிருந்தன. அத்தனையையும் விழுங்கிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன்.

"நல்லாருக்கியாப்பா?"

மறுபடி கேட்கத் துடித்த வாயை முந்தானையால் மூடிக்கொண்டேன். கொடிகளுக்குள் காற்று நுழைந்து வெளியேறிக்கொண்டிருந்தது.

"இல்லம்மா" என்றான். பிறகு தரையைப் பார்த்தபடியே சொன்னான்: "அன்னைக்கு நானும் கேட்டேன். வேன்லருந்து எல்லாரும் எறங்கிட்டிருந்தப்ப. என்ன மாமா இப்படி வேர்க்குதுன்னு கேட்டேன். ஒண்ணுமில்லடா மருமகனேன்னாக. நான் நம்பிட்டேம்மா. அவுக என்னை நம்புன மாதிரியே நம்பிட்டேன்."

நான் அவன் முதுகில் கை வைத்தேன். சின்ன வயதில் காய்ச்சலில் கிடக்கும்போது இருந்த மாதிரி எலும்பு தெரிந்தது. ஒரு வருஷமாக இதைத்தான் அவன் "நல்லாருக்கேன்" என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். உன் தப்பில்லை என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. எனக்கே நான் சொல்லி ஒட்டாத வார்த்தை அது. அவன் அழுதான். நானும்.

வீட்டுக்குள் போனபோது மதினி சமையலறை வாசலில் நின்றிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் உள்ளே திரும்பி, ஸ்டாண்டிலிருந்து ஒரு தட்டை உருவி எடுத்தார். அண்ணன் போன பிறகு அந்த வேலை மதினியுடையது.

"சாப்பிடுறியாப்பா?"

"வேணாம் அத்தை."

மதினி தலையசைத்துவிட்டு ஸ்டாண்டுப் பக்கம் போனார். நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். கம்பியில் தட்டு உரசும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. கண்ணைத் திறந்தபோது, தட்டின் விளிம்பு கம்பியைத் தொடுகிற மாதிரி மதினி அசையாமல் நின்றுகொண்டிருந்தார். எங்களுக்கு முதுகுதான் தெரிந்தது. அந்தத் தோள்கள் ஒரு தரம் குலுங்கின.

பிறகு திரும்பினார். தட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"ஏலே," என்றார், "நெசமாவே வேணாமா?"