அங்காளம்மாளுக்கு அரண்மனை அழைப்பு

மடவை மீனின் செதிலைச் சீவிக்கொண்டே அங்காளம்மாள் இளவரசிகளைப் பற்றிப் பேசுவார். செதிலும் பறக்கும், தீர்ப்பும் பறக்கும். “வெந்த எறா கலர்ல சட்ட போட்டுக்கினு நின்னாரே அந்த மாப்ள, அவரு மூஞ்சில சிரிப்பே வர்ல. பொண்ணு வாசப்படி தாண்டுன பொறவுதான் பல்லு தெரிஞ்சுது. பாத்தியா நீ?” கேட்பவர் பார்த்திருக்காவிட்டால் மீன் கிடைக்கும், மரியாதை கிடைக்காது.

பசியாவரம் மீனவக் குப்பத்தில் வாழும் இந்த ஐம்பத்து மூன்று வயது அம்மையாருக்கு மீன் விற்பது தொழில். அரச குடும்பத்துத் திருமணங்கள் ஆய்வுத்துறை. இதுவரை ஆறு நாட்டு அரண்மனைக் கல்யாணங்களைத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து நடத்திவைத்திருக்கிறார். மணப்பெண்ணின் பின்னால் இழுபடும் துணியை, வலையை அளப்பதுபோல் இரு கைகளையும் விரித்துப் பாகக் கணக்கில் அளப்பார். “பன்னண்டு பாகம். மடிக்கத் தெரியாதவங்க கையில குடுத்துக்கீறாங்க. சிக்கு வுழும் பாரு” என்றார் ஒருமுறை. விழுந்தது. ஊர்வலத்தின் நடுவே நான்காவது குதிரை லத்தி போட்டதை உலக ஊடகங்கள் கண்டுகொள்ளவில்லை. அங்காளம்மாள் ஊர் முழுக்க அறிவித்தார்.

அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. வீட்டுக்கு வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத கல்யாணத்துக்குப் போவதில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் தம்பி மகள் கலைவாணிக்குக் கல்யாணம். தம்பி மனைவி மனோரமா பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அடுத்த வீடு, நடுவில் ஒரு கீற்றுத் தட்டிதான். அத்தை போகவில்லை. மேளச் சத்தம் தட்டி வழியே வந்தபோது, கதவைச் சாத்திக்கொண்டு கருவாடு வறுத்தார். அன்றிலிருந்து இரு வீட்டுக்கும் பேச்சில்லை.

போன சனிக்கிழமை எங்கோ ஒரு குளிர்நாட்டு இளவரசருக்குத் திருமணம். அங்காளம்மாளின் டிவியோ உப்புக்காற்றில் இளைத்து, வெள்ளிக்கிழமை உயிரை விட்டிருந்தது. கணவர் தங்கவேல் தன் செல்போனை நீட்டினார்.

“அரமணக் கல்யாணத்த உள்ளங்கையில வச்சிப் பாக்க, அது இன்னா சென்னாகுனிப் பொடி எறாவா?”

“அப்ப தம்பி ஊட்டுக்குப் போ. செவுரு அகலத்துக்கு டிவி வாங்கிக்கீறான்.”

“வெத்தல வச்சாங்களா?”

“அந்த ராசாவுக்கு உன் வூடு தெரியாதுமே.”

“அவருக்குத் தெரியாது, சரி. அடுத்தூட்டுக்காரிக்குமா தெரியாது?”

தங்கவேல் வலை தைக்கப் போய்விட்டார். இருபத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு எப்போது ஏறுகிறது என்று அவருக்குத் தெரியும்.

மூன்று மணிக்கு மனோரமா வீட்டில் பதினைந்து பெண்கள் கூடினார்கள். திரையில் கல்யாணம் நடந்தது, கூடத்தில் நடக்கவில்லை. வர்ணனை இங்கிலீஷில் ஓடியது. தொப்பியில் இறகு செருகிய ஓர் அம்மாளை மணப்பெண் என்று நினைத்துப் பத்து நிமிடம் திருஷ்டி கழித்தார்கள். அவர் விருந்தாளி.

“அங்காளம்மா இல்லாம இது இன்னா கல்யாணம்? சாவு ஊடு மாரி கீது” என்று ஒருத்தி சொன்னது தட்டியைத் தாண்டிக் கேட்டது. அங்காளம்மாள் ஏற்கெனவே சீவிய மீனை மறுபடியும் சீவினார்.

சற்று நேரத்தில் மனோரமா வந்து நின்றார். கையில் எவர்சில்வர் தட்டு. வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம், குங்குமம்.

“அண்ணி, கல்யாணத்துக்கு வரணும்.”

“யாரூட்டுக் கல்யாணம்?”

“ராசா ஊட்டுது அண்ணி. பொண்ணு இப்பதான் வண்டியேறிக்கீது.” மனோரமா தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரல் தாழ்ந்தது. “அப்பவே வச்சிருக்கணும். எனக்குத்தான் புத்தியில்ல.”

“ரெண்டு வருசம் லேட்டு” என்றார் அங்காளம்மாள். “வெத்தல மட்டும் பச்சையா கீது.” கையைக் கழுவி, புடவையில் துடைத்து, தட்டை வாங்கிக்கொண்டார்.

மீன் வாடையோடு அரண்மனைக்குப் போவது முறையல்ல. கால் மணி நேரம் கழித்து மாம்பழக் கலர் பட்டில் அங்காளம்மாள் தம்பி வீட்டுக்குள் நுழைந்தபோது பதினைந்து பேரும் நகர்ந்து நடு இடத்தைக் கொடுத்தார்கள். டிவிக்கு நேர் முன்னால், பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்த கலைவாணி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அத்தையைக் கண்டதும் எழ முயன்றாள். முடியவில்லை.

“குந்து, குந்து” என்றவர் உடனே பணியில் இறங்கினார். “தொப்பிய வுடுங்கமே. தோ, கைய புடிச்சிக்கினு வராரே, அவருதான் பொண்ணோட நைனா. அவரு கைய பாரு, நடுங்குது. பொண்ணு இறுக்கிப் புடிச்சிக்கீறா பாரு, ஊருக்குத் தெரியாம. இத்த பாக்கத்தான் கல்யாணம். மீதியெல்லாம் துணி.”

மனோரமா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

இளவரசர் மோதிரத்தை எடுத்தார். அங்காளம்மாள் எழுந்தார். வந்ததிலிருந்து மூடியே வைத்திருந்த வலது கையை விரித்தார். உள்ளே மஞ்சள் கலந்த அரிசி. டிவிமேல்தான் விழப்போகிறது என்று முன்னால் இருந்தவர்கள் ஒதுங்கினார்கள். அவர் திரையைப் பார்க்கக்கூட இல்லை. குனிந்து, பிடி அரிசி முழுவதையும் கலைவாணியின் தலையில் போட்டார்.