தையல் மெஷினுக்கு வைத்த பொட்டு

மெஷினின் கருப்புக் கழுத்தில் காய்ந்திருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும்தான் சுங்கை பட்டாணிக் கடையின் சீன முதலாளி தவுக்கே முதலில் பார்த்தார். முறிந்த ஊசியைப் பார்க்கவே இல்லை. தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகி அவருக்குத் தமிழ் நன்றாக வரும். "பொட்டு வச்சாச்சு. இனி ஒங்க மெசின்லா. திருப்பி எடுக்க முடியாது." பக்கத்தில் என் மாமியார் நின்றார்.

அப்போது நாங்கள் செமிலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நான் மருந்தடிக்கிற கூட்டத்தில் இருந்தேன். முதுகில் களைமருந்து டாங்கி, கையெல்லாம் புண். முதல் பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. மறுபடி மூன்று மாதம். "இதையும் மருந்துக்குக் குடுக்க மாட்டேன்," என்று மாமியார் தன் இரண்டு ஆடுகளை விற்றார். அதில் ஒன்றுக்கு என்னைக் கண்டாலே ஆகாது, முட்ட வரும்; போனதில் எனக்கு வருத்தமில்லை. பால் வெட்டுகிறவர்களுக்குக் கால்சட்டை தைத்துப் பிழைக்கலாம் என்பது அவர் யோசனை. கடைக்கு அந்தக் கால்சட்டைக்கான கனத்த துணியையே கொண்டுபோய், நாலு மடிப்பு தைக்குமா என்று கேட்டோம். "தைக்கும்லா," என்றார் தவுக்கே. மெஷின் வீடு வந்ததும், புதுச் சாமானுக்குச் செய்கிற வழக்கப்படி மாமியார் பொட்டு வைத்தார். அப்புறம்தான் தைத்துப் பார்த்தேன். இரண்டு மடிப்பிலேயே ஊசி முறிந்தது. ஒன்றல்ல, மூன்று.

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் ஓடினேன். "இன்ன வேலைக்குத்தான் வேணும்னு சொல்லி வாங்கியிருக்கீங்க. அது கண்டிஷன். தப்புச்சுன்னா சாமானையே திருப்பலாம். வாரண்டின்னா நஷ்டம் மட்டும்தான் கேக்கலாம். ஆனா ஒண்ணு, நம்ம சாமான்னு ஏத்துக்கிட்டா கண்டிஷனும் வாரண்டி மாதிரிதான். அப்படி ஏதும் செஞ்சீங்களா?" பொட்டு வைத்ததைச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

மறுநாள் தோட்டத்துக்குச் சாமான் கொண்டுவந்த கடை லோரியிலேயே மெஷினை ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்திருந்தோம். மாமியார் முந்தானையைச் செருகிக்கொண்டு வாசலைக் காட்டினார். "தவுக்கே, மெசின எறக்குன அன்னிக்கு அந்தா நிக்கிற ஒன் லோரிக்கும்தான் பொட்டு வச்சேன். போய்ப் பாரு, கண்ணாடிக்குக் கீழ இருக்கு. அப்ப லோரியும் எங்களுதா? சாவியக் குடு, மருமகள ஏத்திக்கிட்டுப் போறேன்."

டிரைவர் சிரித்தான். தவுக்கே சிரிக்கவில்லை. வெளியே போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். என் துணியை வாங்கி, நாலாக மடித்து, தானே மிதித்தார். ஊசி டிக்கென்று முறிந்தது. இன்னொன்று போட்டார். அதுவும்.

"இந்தக் கெழவிகிட்டப் பேச முடியாதுலா," என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளேயிருந்து பெரிய மெஷினைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், வேலை வாங்கும் மண்டோர் என் பெயரைக் கூப்பிட்டபோது மாமியார்தான் போய் நின்றாராம். "அவ இனி வர மாட்டா. டாங்கிய நீயே தூக்கிக்க."

வீட்டில் நான் நாலாவது மடிப்பைத் தைத்துக்கொண்டிருந்தேன். அன்று வயிற்றில் இருந்தவள் இப்போது சுங்கை பட்டாணியிலேயே பாக்கார் ஆராங்கில் இருக்கிறாள். போன வாரம் வந்தபோது பார்த்தேன், அவளுக்கும் நரை விழுந்திருக்கிறது.