அம்மாவாசை காத்திருந்த லென்ஸ்

முதலியார்பேட்டையில் பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கினால் முதல் செலவு அம்மாவாசை ஸ்டுடியோவில்தான். டவுன் ஸ்டுடியோக்களில் கூலி அதிகம் என்பது ஒரு காரணம். மற்றொன்று, அவர் பெண்ணின் தாடையைத் தொட்டுத் திருப்ப மாட்டார். "அம்மா, சன்னல் பக்கம் கொஞ்சம் பாரு" என்று சொல்லிவிட்டுக் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொள்வார். கூட வந்த தாய்க்கு அந்த மனிதரின் முதுகு மட்டும்தான் தெரியும்.

"பேரே அம்மாவாசை. அவன்கிட்டப் போய்ப் பொண்ணைப் பளிச்சினு காட்டச் சொல்றியே" என்று மில் ஆட்கள் கேலி செய்வார்கள்.

"இருட்டுல கழுவினாத்தான்டா படமே வரும்" என்பார் அவர்.

நான் அந்த ஸ்டுடியோவின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். பி.ஏ. முடித்துப் புதுச்சேரி சர்க்கார் ஆபீசில் சேர்ந்த புதிது. ஏர் பிடித்தவர்களே இருந்த எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பட்டமளிப்பு அங்கியில் நிற்கும் என் படத்தை அவர்தான் எடுத்தார். தெருவைப் பார்த்த கண்ணாடிப் பெட்டியில் நடுவில் மாட்டியும் வைத்தார். அதில் நான் முக்கால் பாகம் திரும்பி, ஓரமாக நின்றிருப்பேன். நேராக நிற்கிறேன் என்றதற்கு, "வேணாம் தம்பி, இப்பிடி நின்னாத்தான் வக்கீல் மாதிரி இருக்கும்" என்றார். அது வக்கீலுக்காகச் சொன்னதல்ல என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர் கேமராவின் லென்சுக்குள் பூஞ்சை பிடித்திருந்தது. கடல் காற்றுப் படும் ஊரில் கண்ணாடிச் சாமான்களுக்கு வருகிற வியாதி. இரண்டு கண்ணாடி வில்லைகளுக்கு நடுவே சிலந்தி வலை போலப் படர்ந்து, வெளியிலிருந்து துடைக்க வழியில்லாமல் இருந்தது. வெளிச்சம் சற்று எதிராகப் பட்டால் போதும், படத்தின் நடுவில் ஒரு வெளுப்பு விழும். ஆளை ஓரமாக நிறுத்தினால் அந்த வெளுப்பு சுவரில் போய் உட்காரும். நேராக உட்காரவைத்துத்தான் ஆகவேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், அவர்கள் முகத்தில் உட்காரும். அப்போது அம்மாவாசை மெல்லிய தூரிகையை எடுத்து, அச்சிட்ட படத்தின் மேல் சாம்பல் நிற மை தொட்டு அந்த இடத்தை அடைப்பார். அடைத்தது தெரியாது. கை அவ்வளவு சுத்தம்.

"புது லென்சு வாங்கிடலாமே அண்ணே" என்றேன் ஒருநாள்.

"வாங்கணும். இப்ப இல்ல."

துய்ப்ளே தெருவில் ஒரு பிரெஞ்சுக்காரரின் கடையில் அவர் கேமராவுக்குப் பொருந்துகிற லென்ஸ் இருந்தது. உசத்தி இல்லை, அந்த ரகத்திலேயே மலிவானது. நூற்றெண்பது ரூபாய். பணம் அவரிடம் இருந்தது. ஆனால் அந்தக் கடையில் கிறிஸ்துமசுக்கும் புதுவருஷத்துக்கும் நடுவே தள்ளுபடி போடுவார்கள். அதுவரை பொறுத்தால் நூற்றைம்பதுக்கு வரும், நூற்றிருபதுக்கும் வரலாம் என்பது அவர் கணக்கு. அதற்கு முந்தின வருஷமும் இப்படித்தான் பொறுத்தார். தள்ளுபடியில் கைக்கடிகாரமும் வாசனைப் புட்டியும் போட்டார்கள், லென்சைப் போடவில்லை. சரி, அடுத்த வருஷம் என்று திரும்பிவிட்டார்.

அவரை நான் கஞ்சன் என்று சொல்லமாட்டேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலாம் வருஷ ஐப்பசியைக் கண்ணால் பார்த்தவர் அவர். அப்போது மில்லில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர்கள் ஊரை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறுகிற சமயம். கட்டில், பீரோ, பியானோ எல்லாம் வீதியில் வந்து நின்றன. காலையில் ஒரு விலை, மத்தியானம் பாதி, சாயங்காலம் எடுத்துக்கொண்டு போனால் சரி. ஒரு பிரெஞ்சுக்கார மதாம் வீட்டு வாசலில் முக்காலியோடு நின்ற கேமராவைக் காலையில் விலை கேட்டுவிட்டு, எதிர் மரத்தடியில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார் அம்மாவாசை. பொழுது சாயும்போது ஒரு வாரக் கூலியைக் கொடுத்து வாங்கிவந்தார். அந்த ஒரு பகலில் மில் கூலி ஸ்டுடியோ முதலாளி ஆனார். அதிலிருந்து, எதற்கும் பொறுத்திருந்தால் விலை இறங்கும் என்பது அவருக்குப் பாடமாகிவிட்டது. ஒரு ஊரே மூட்டை கட்டிக்கொண்டு போவது தினமும் நடக்காது என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஐம்பத்தேழில் வெளிநாட்டுச் சரக்குக்குத் தடை வந்தபோது பேப்பரையே கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். இனி கப்பலில் லென்ஸ் வராது, இருக்கிற சரக்கு இரட்டை விலைக்குப் போகும், உடனே வாங்குங்கள் என்றேன்.

"பேப்பர்காரன் மெட்ராசுல உக்காந்து எழுதறான். எனக்கு இந்த ஊர் வெள்ளைக்காரனைத் தெரியும் தம்பி. போறப்ப எல்லாத்தையும் கொட்டிட்டுத்தான் போவான்."

கல்யாணத்தையும் அவர் அப்படித்தான் வைத்திருந்தார். முப்பத்தைந்து ஆகியிருந்தது. ஸ்டுடியோ ஒரு நிலைக்கு வரட்டும் என்றே வருஷங்கள் போயின.

ஐம்பத்தேழாம் வருஷ ஐப்பசியில் அவர் அக்கா மகள் வசந்தாவுக்கு ஒரு இடம் வந்தது. அக்கா அஞ்சலாட்சி பக்கத்துத் தெருவில் இருந்தார். புருஷன் இறந்தபின் இட்லிக் கடை போட்டு ஒரே மகளை வளர்த்தவர். பையனுக்குச் சொந்த ஊர் பண்ருட்டி; பிலாய் இரும்பு ஆலையில் வேலை கிடைத்துப் போயிருந்தான். படம் பார்த்துப் பிடித்தால் தையில் லீவு போட்டு வந்து தாலி கட்டிக் கையோடு கூட்டிப்போவான். தரகர் நாராயணசாமி கொண்டுவந்த சேதி இது.

வசந்தா என்னிடம் வந்து கேட்டாள். "அண்ணா, பிலாய் எங்க இருக்குது?"

பூகோளப் படத்தை விரித்துக் காட்டினேன். விரலை வைத்தாள். மறு கை விரலைப் புதுச்சேரியில் வைத்தாள். நடுவில் இருந்த தூரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அங்க குளிருமா?"

"டிசம்பர்ல குளிரும்."

"குளிரட்டும்" என்றாள்.

இட்லிப் பானைப் புகைக்குள் பத்தொன்பது வருஷம் இருந்த பெண். அவளுக்குப் போகவேண்டியிருந்தது.

பையன் வீட்டார் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஓரப் பார்வை, திரும்பிய முகம் எல்லாம் வேண்டாம். முகம் நேராக, நடுவில், முழுசாகத் தெரியவேண்டும். அம்மாவாசை தாடையைச் சொறிந்தார்.

"அக்கா, மார்கழி முடியட்டுமே. புது லென்சு வந்துடும். அதுல எடுத்தா சினிமாக்காரி மாதிரி இருப்பா."

"உன் லென்சு வர்ற வரைக்கும் அவன் குந்திக்கிட்டு இருப்பானா? டவுன்ல வேற எடத்துல எடுத்துக்கறேன், வுடு."

"தாய்மாமன் போட்டோக்காரன். இவ அடுத்தவன் ஸ்டுடியோவுல போய் நிக்கறதா? ஊருல என்னா பேசுவாங்க?"

"அப்ப அந்தக் கருமத்தை இப்பவே வாங்கித் தொலை. முப்பது ரூவா மிச்சம் புடிச்சு என்னாத்தக் கட்டப் போற?"

"இன்னும் ரெண்டு மாசந்தான். அதுக்குள்ள முழு வெலை குடுக்க நான் என்னா பைத்தியமா? இந்த லென்சிலேயே எடுக்கறேன். என் கை இருக்குது."

எடுத்தார். வெளுப்பு வசந்தாவின் இடது கன்னத்தில் விழுந்தது. தூரிகையால் அடைத்தார். நான் பார்த்தேன், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாலும் தெரியவில்லை. அழகாகவே இருந்தாள். ஒரு பிரதி பண்ருட்டிக்கும், அங்கிருந்து பிலாய்க்கும் போயிற்று. பையனுக்குப் பிடித்துவிட்டது என்று கார்த்திகையில் சேதி வந்தது. அஞ்சலாட்சி நடைபாதைக் கடையில் வந்தவர்களுக்கெல்லாம் அன்றைக்கு ஒரு இட்லி கூடுதலாகப் போட்டார்.

மார்கழியில், கிறிஸ்துமஸ் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தரகர் ஸ்டுடியோவுக்கு வந்தார். உட்காரவில்லை. படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். வசந்தாவின் கன்னத்தில் மை கரைந்து தாடைவரை இழுபட்டிருந்தது. அதற்கு நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம்.

"என்னாப்பா இது?"

"லென்சுக் கோளாறு. புள்ள மேல ஒண்ணும் இல்ல" என்றார் அம்மாவாசை.

"நான் நம்பறேன். அவ அரைஞாண் கயிறு கட்டினதுல இருந்து பாக்கறேன். அவுங்க நம்பணுமே. பையனுக்கு ஒரு பெரியம்மா இருக்குது. பாக்கு வெத்தில மாத்தறதுக்கு முன்ன படத்தைக் குடுடானு வாங்கி, விரலை எச்சில்ல தொட்டுத் தேய்ச்சிருக்குது. எந்த வூட்டுலதான் தேய்க்கல? போட்டோக்காரங்க கறுப்பைச் செவப்பாக்கிக் குடுக்கறீங்கனு தேய்க்கறாங்க. தேய்ச்சாக் கறுப்பு வரும்னு பாத்தா, வெள்ளை வந்துச்சு. வெண்குஷ்டம்ங்கறாங்க."

அம்மாவாசை படத்தை எடுத்துப் பார்த்தார்; கவிழ்த்து வைத்தார்.

"நேர்ல வரச் சொல்லு. நடு வெயில்ல நிக்க வெச்சுக் காட்டறோம்."

"சொல்லாம இருப்பனா? கன்னத்துல இல்லனா முதுகுல இருக்கும், அதையும் அவுத்துக் காட்டுவீங்களானு கேக்கறாங்க. இல்லாத நோவுக்கு எதுக்கு மை போட்டீங்கனு கேக்கறாங்க. அதுக்கு நான் என்னானு சொல்ல?"

நான் குறுக்கிட்டேன். லென்சுக்குள் வெளிச்சம் எப்படிச் சிதறுகிறது, வெளுப்பு ஏன் நடுவில் விழுகிறது என்பதைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன் என்றேன். தரகர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, எழுதிக் குடுத்தா வியாதினு உறுதியாயிடும்."

மறுநாள் துய்ப்ளே தெருவுக்கு அம்மாவாசையோடு நானும் போனேன். மடியில் முழுப் பணமும் வைத்திருந்தார். கடை வாசலில் தள்ளுபடிப் பலகை தொங்கியது. உள்ளே பாதி அலமாரிகள் காலி. விற்பனைக்கு நின்ற கன்னியப்பன் சொன்னார், முதலாளி கடையை மூடிவிட்டு ஊரோடு போகிறாராம். எது எடுத்தாலும் பாதி விலை. லென்ஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. பேப்பர் படித்து நான் சொன்னது பொய்யாயிற்று. அவர் மூன்று வருஷமாகச் சொன்னது அப்படியே நடந்தது.

அம்மாவாசை நூற்றெண்பதையும் எண்ணி வைத்தார்.

"தொண்ணூறுதான் அண்ணே."

"முழுசா எடுத்துக்க."

"வேடிக்கை பண்ணாதீங்க. கணக்குல எப்பிடிக் காட்டறது?" என்று கன்னியப்பன் சிரித்துக்கொண்டே மீதியைத் திருப்பித் தள்ளினார். அம்மாவாசை அதைத் தொடவில்லை. நான்தான் எடுத்து அவர் சட்டைப் பையில் வைத்தேன்.

அந்த லென்சில் வசந்தாவைத் தையில் எடுத்தார். நேராக, நடுவில், முழுமுகம். புருவத்தின் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. தூரிகையைக் கையிலேயே எடுக்கவில்லை. அப்படியொரு படத்தை அந்த ஸ்டுடியோவில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. படம் வில்லியனூருக்குப் போயிற்று, திரும்பி வந்தது. மூலக்குளம் போயிற்று, வந்தது. கன்னம் மட்டும் பளபளப்பு மங்கித் தேய்ந்திருந்தது. தேய்த்ததில் எதுவும் வரவில்லை என்பதால் யாரும் மனம் மாறவில்லை. பண்ருட்டிப் பேச்சு படத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. இந்தத் தடவை அழியாத மை போட்டிருக்கிறான் என்றார்களாம். படம் எவ்வளவு தெளிவோ அவ்வளவு சந்தேகம்.

தெருவிலும் மாறிப்போயிற்று. குழாயடியில் வசந்தா குனிந்தால் பெண்கள் பேச்சை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து பார்த்த முகம்தான். இட்லிக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். மே மாதத்தில் கடையில் அஞ்சலாட்சியும் அடுப்பும் மட்டும் இருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் அஞ்சலாட்சி ஸ்டுடியோவுக்கு வந்தார். நான் அங்கே இருந்ததைப் பொருட்படுத்தவில்லை.

"நீயே கட்டிக்க."

"அக்கா, அவ கொழந்த."

"உனக்குத்தான். ஊருக்கு அவ நோய்க்காரி."

"கொஞ்சம் பொறு. இந்தப் பேச்சு அடங்கிடும். ஆவணிக்கு மேல நல்ல எடமா வரும், நானே தேடறேன்."

"நீ பொறுத்தது போதும்டா" என்றார் அஞ்சலாட்சி. சத்தம் போடவில்லை. "நான் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இன்னொரு வருஷம் குந்தியிருக்க முடியாது. மாமன் முறை. யாரும் தப்புச் சொல்ல மாட்டாங்க."

"அவளைக் கேட்டியா?"

"கேட்டேன்."

"என்னா சொன்னா?"

"இட்லிக்கு ஊறப் போட்டியானு கேட்டா."

ஆனி மாதம் கோயிலில் வைத்துத் தாலி கட்டினார். இருபது பேர்கூட வரவில்லை. வந்தவர்களும் அக்கா மகளை மாமன் கட்டியதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். "வேற எவன் கட்டுவான், அதான் மாமன் தலையில" என்று என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். பந்தியில் வசந்தாவின் பக்கத்து இலையில் உட்கார ஆள் வரவில்லை, நான் உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளையே போட்டோக்காரர் என்பதால் படம் எடுக்க யாரும் ஏற்பாடு செய்திருக்கவில்லை. எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. டவுனிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவர சைக்கிளில் போகிறேன், அரை மணியில் வந்துவிடுகிறேன் என்று எழுந்தேன். வசந்தா இலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"வேணாண்ணா. இனிமே யாருக்கு அனுப்பணும்?"

நான் மறுபடி உட்கார்ந்தேன். ரசம் கொண்டுவந்தவர் அவள் இலையைத் தாண்டி என் இலைக்கு ஊற்றிவிட்டுப் போனார். அம்மாவாசை எழுந்துபோய் வாளியை வாங்கி வந்து, அவளுக்குத் தானே ஊற்றினார்.